உள்பக்கம் திறக்கும் கதவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலை என் வீட்டுக் கதவை யாரோ மூன்று முறை தட்டினார்கள். நான் விழித்துத்தான் இருந்தேன். திறக்கவில்லை. இதை ஒளித்து வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் சொல்ல எனக்கு வாய் வராது.

டத்தோ கிராமாட்டில் ஒரு பழைய அடுக்குமாடியின் நாலாவது மாடி எங்களுடையது. லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. ஓடுகிற நாளிலும் மூன்றில் நிற்கும், ஐந்தில் நிற்கும், நாலில் நிற்க அதற்கு மனம் வராது. எனக்கு நாற்பத்தாறு வயது. தனிக்கட்டை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலை எட்டு மணிக்கு கம்பெனி பஸ் இறக்கிவிட்டால், படியேறி வந்து செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு விழுந்துவிடுவேன்.

எதிர்வீடு வேதநாயகம் அண்ணனுடையது. அவர் கதவு மாட்டுகிறவர். தச்சர் என்று சொன்னால் பிடிக்காது. "மேசை நாக்காலி செய்யறவன் தச்சன். நான் கதவு மட்டுந்தான்" என்பார். தஞ்சோங் தோக்கோங் பக்கம் எழும்பிய கொண்டோ வீடுகளில் எத்தனை கதவு மாட்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. நிலையைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்துவார். கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு காசு நுழைகிற அளவு இடம் விடுவார். மழைக்காலத்தில் மரம் ஊதும், அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பார். மூன்று கீலையும் முடுக்கிய பிறகு கதவைப் பாதி திறந்து கையை எடுத்துவிடுவார். விட்ட இடத்தில் அது நின்றால் வேலை சரி. தானாகச் சாத்திக்கொண்டாலோ திறந்துகொண்டாலோ கழற்றி மறுபடி மாட்டுவார்.

யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத்தான் முதலில் பார்ப்பார். என் வாசற்கதவை ஒருநாள் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள வெறும் அட்டைம்மா. வெளிய இரும்பு கிரில் இருக்கிறதால தப்பிச்சே" என்றார்.

அவர் மனைவி ரோசம்மா அக்காவுக்கு என் உடம்பைக் கிண்டல் செய்யாமல் பொழுது போகாது. "நீயெல்லாம் எதுக்கு சாவி வச்சிருக்கே? பேப்பர் மாதிரி கதவுக்கு அடியில நொழைஞ்சிரலாமே" என்பார். சொல்லிவிட்டு அதற்கு மருந்தும் செய்வார். இரண்டு ஆப்பம், கொஞ்சம் மீன் சம்பல், பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி. எல்லாவற்றையும் ஒன்பது மணிவாக்கில் என் கிரில்லில் மாட்டிவிட்டுப் போவார். தட்ட மாட்டார். நான் தூங்குவேன் என்று தெரியும். பன்னிரண்டு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து காலை நேரத்தில் ஒருவர்கூட என் கதவைத் தட்டியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருக்கிற ஒரே சாக்கு இதுதான்.

இப்போது அந்தக் கதவுக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் கழிவறையும் குளியலறையும் ஒன்றுதான். ஹாலின் மூலையில் இருக்கும். அதன் கதவு ஹால் பக்கமாகத் திறக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ரோசம்மா அக்கா தன் மாதா சுரூபத்தை அதே மூலையில் ஒரு முக்காலியில் வைத்திருந்தார். வேறு சுவரெல்லாம் ஜன்னலும் டிவியும் பிடித்துக்கொண்டன. பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு மாறி நடத்தும் அன்பியச் செபக்கூட்டம் போன வருஷம் அவர் முறை. ஹால் நிறைய ஆள். நான் இந்து, ஆனாலும் போனேன். அன்று போடுகிற சுண்டலுக்காகப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செபமாலை நடுவில் இருக்கும்போது உள்ளே போயிருந்த ஒரு பெரியவர் கதவை வேகமாகத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கதவு முக்காலியில் இடித்தது. மாதா விழுந்து வலது கை உடைந்துபோனது. கூட்டம் 'அருள்நிறைந்த மரியே'யைப் பாதியில் நிறுத்திவிட்டது. அக்காவுக்கு அன்று வந்த அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

அன்று பாத்திரம் கழுவ நான் இருந்தேன். அக்கா சொன்னார், "இந்தக் கதவை உள்பக்கமா திருப்பிப் போடுங்க. கக்கூஸ் கதவு மாதா மூஞ்சியில திறக்குது, இது ஒரு வீடா."

"கக்கூஸ் கதவு வெளிய திறக்கிறதுதான் முறை, ரோசி. சின்ன ரூம்பு. உள்ள யாராச்சும் விழுந்தா கதவு எப்படித் திறக்கும்?"

"யாரு விழுவா? நீங்க விழுவீங்களா, நான் விழுவேனா?"

"மாதாவை இடம் மாத்திக்கலாம்லா."

"மாதா இருக்கட்டும். கதவை மாத்துங்க. ஊருக்கெல்லாம் கதவு போடறீங்க, பொண்டாட்டி ஒரு கதவு கேட்டா உங்களுக்கு சுசாவா, சிரமமா?"

அண்ணன் வேலையில் இறங்கினார். மெலிந்த பிவிசி கதவைக் கழற்றினார். நிலையையும் சேர்த்துப் பெயர்த்தார். கொண்டோ வேலையில் மிஞ்சிய முழு மரக்கதவு ஒன்றைத் தோளில் தூக்கி, லிஃப்ட் ஓடாத நாளாகப் பார்த்து, நாலு மாடி ஏற்றினார். தண்ணீர் படுகிற அடிப்பாகத்துக்கு அலுமினியத் தகடு அடித்தார். துருப்பிடிக்காத கீல் மூன்று. உள்ளே திறக்கிற கதவுக்குக் கீலும் உள்ளேதான் இருக்கும், வெளியிலிருந்து அதன் ஆணியைத் தொட முடியாது. எல்லாம் தெரிந்த மனுஷன். மாட்டி முடித்ததும் பாதி திறந்து கையை எடுத்தார். விட்ட இடத்தில் நின்றது. அக்காவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. உடைந்த கையைப் பசை போட்டு ஒட்டி, மாதாவை மறுபடி அதே மூலையில் வைத்தார்.

ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. நான் எட்டே காலுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. அந்த வாரம் முழுக்கவே சரியாக வரவில்லை. தண்ணீர் வடிகட்டி விற்கிற ஒருவன் அந்த மாதத்தில் இரண்டு தடவை வந்து என் காலைத் தூக்கத்தைக் கெடுத்திருந்தான். ஒன்பதே முக்கால் இருக்கும். யாரோ கிரில்லுக்குள் கைவிட்டுக் கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு. குரல் இல்லை. அவன்தான் என்று நினைத்தேன். கிடந்து சாகட்டும் என்று தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று தட்டு. செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. ரமணி என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். தனியாக இருக்கிற பெண்ணின் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் அண்ணனுக்கு இல்லை.

மாடியே அதிர்கிற சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது மணி பத்தே முக்கால். பொம்பா என்கிற தீயணைப்புக்காரர்கள் நாலு பேர், எதிர்வீட்டு ஹாலில் அந்தக் கதவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டில் இருக்கும் சித்தி ஹாஜரா என்கிற அக்கா பாசாரிலிருந்து வந்த பையோடு படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவர் மகன் இம்ரான்தான் பொம்பாவுக்குப் போன் போட்டவன். மாதாவை யாரோ சோபாவில் படுக்க வைத்திருந்தார்கள். அண்ணன் ஈரத் துணியோடு சுவரைப் பிடித்து நின்றார். நல்ல மரம், இரண்டு பிளேடு மாற்றினார்கள்.

அக்கா அப்போது மூச்சோடுதான் இருந்தார். குளித்துக்கொண்டிருக்கும்போது வழுக்கி, கதவுக்குக் குறுக்கே விழுந்திருக்கிறார். இடுப்பு முறிந்திருந்தது. தலையில் அடி, உள்ளே ரத்தம் கட்டிவிட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொல்லத் தொடங்கி, அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகள் ஜோவான் பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் கிளார்க். ஒரே பிள்ளை. அவளிடம் அண்ணன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "விழுந்தவுடனே மயக்கமாயிட்டாம்மா. ஒரு வார்த்தை பேசலே." அடக்கம் முடிகிற வரைக்கும் அவளும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இம்ரான் தன் போனைக் காட்டி, பொம்பாவுக்கு அழைத்தது பத்து இருபத்தைந்து என்று சொல்லியிருக்கிறான். அண்ணனோ அக்கா விழுந்தது ஒன்பதரைக்கு என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். இடையில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அவள் அதைக் கேட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றோடு அவள் போன் வருவது நின்றது.

பொம்பாக்காரர்கள் அறுத்துப்போட்ட இடத்தில் அண்ணன் கதவு மாட்டவில்லை. அக்காவின் கைலி ஒன்றைக் கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்டிருந்தார். ஊருக்கெல்லாம் கதவு போடுகிறவர் வீட்டில் கழிவறைக்குத் துணி. வேலைக்கும் போகவில்லை. நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தால், "வச்சுட்டுப் போம்மா" என்பார். நானும் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தட்டியது அவர்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று. ஏன் என்னிடம் வந்தார் என்பதும் தெரிந்தது. தரையில் அந்தக் கதவு எவ்வளவு தூரம் தேய்த்துத் திறந்தது என்று கோடு விழுந்திருந்தது. ஒரு சாண். அவருடைய தோள் அதில் நுழையாது. சித்தி ஹாஜரா அக்காவின் தோளும் நுழையாது. இந்த மாடியில் ஒரு சாண் இடுக்கில் நுழைகிற உடம்பு ஒன்றே ஒன்றுதான், அது தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு கிடந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு ஜோவான் வந்தாள். பதின்மூன்று வயது மகள் வனேசாவைக் கூட்டிக்கொண்டு ஃபெரியில் வந்து, நேராகக் கோவிலுக்குப் போய், பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. அன்பியத்துக்காரர்கள் இடியாப்பமும் கோழிக்கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நனைந்து வந்த வனேசா குளிக்க வேண்டும். கைலி தொங்குவதைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்று நின்றாள். நான் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஜோவானும் பின்னால் வந்தாள்.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். ஜோவான் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஈரக் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"ஆன்ட்டி, நான் மம்மி போட்டோவ எடுத்துட்டுப் போயிடறேன். இனிமே இங்க வரப்போறதில்ல."

"அப்பா தனியா இருக்காரேம்மா."

"இருக்கட்டும். நாப்பது வருசம் கதவு வேலை ஆன்ட்டி. பொம்பா இருபது நிமிசத்துல தொறந்துட்டான். டேடி ஒரு மணி நேரம் என்ன செஞ்சாரு? கேட்டா தரையைப் பாக்கறாரு. மயக்கமாயிட்டான்னு சொல்றாரு. மயக்கமாயிட்டா உடனே இம்ரானைக் கூப்புட வேண்டியதுதானே. ஒரு மாடி கீழலா அவன் இருக்கான். மோட்டார் கடையில வேலை, டூல்ஸ் எல்லாம் வச்சிருக்கான். ஏன் கூப்புடல?"

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஒரு மாதமாக அந்த மனுஷன் மகளையே இழந்துகொண்டு என் பேரைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் சோறு கொண்டுபோய் வைத்தேனாம், பெரிய தர்மம்.

"அவரு என்னைக் கூப்புட வந்தாரு, ஜோவான்" என்றேன். "ஒம்பதே முக்காலுக்கு. ரெண்டு தடவை தட்டுனாரு. நான் முழிச்சுத்தான் கெடந்தேன். சாமான் விக்கறவன்னு நெனச்சு எழுந்துக்கல."

அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்களை எதுக்கு? இம்ரான விட்டுட்டு?"

"கதவு ஒரு சாண்தான் தொறந்துச்சு. நான் ஒல்லி. நொழைஞ்சு உள்ள போயிருப்பேன்."

"அது டேடிக்குத் தோணுமா? அந்தப் பதட்டத்துல யாரைக் கூப்புடறதுன்னே தெரிஞ்சிருக்காது." அவள் நிறுத்தினாள். கைக்குட்டை மேசையில் விழுந்தது. "மம்மி சொல்லியிருக்காங்க. குளிச்சிட்டிருந்தாங்க. ஆம்பளை யாரும் வரக்கூடாதுன்னு மம்மிதான் சொல்லியிருப்பாங்க. மம்மி பேசியிருக்காங்க, ஆன்ட்டி."

எழுந்து போனாள். நானும் போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே நுழையக் கால் வரவில்லை, திரும்பிப் போகவும் வரவில்லை. அண்ணன் கட்டிலில் உட்காராமல் தரையில், கைலித் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"டேடி. மம்மி பேசினாங்களா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"ஒனக்குத் தெரிய வேணாம்னுதாம்மா." "விழுந்த சத்தம் கேட்டு ஓடியாந்தேன். குமிழை வெளியில இருந்தே திருப்பித் தொறந்துட்டேன். ஒரு சாண் போச்சு, அவ மேல இடிச்சு நின்னுருச்சு. தள்ளுனா கத்தறா. தள்ளாதீங்க, இடுப்பு போவுதுன்றா. இம்ரான கூப்புடறேன், ஒடைச்சிருவான்னு சொன்னேன். வேணாம், என் மேல ஒட்டுத்துணி இல்ல, அந்தப் பையன் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தாதீங்கன்னு அழுதா. நான் என்ன செய்ய?"

"துணியில்லாம கெடந்தாலும் உயிர்தானே டேடி முக்கியம்."

"இப்ப சொல்லலாம்மா. அப்ப அவ நல்லா பேசிக்கிட்டுல்லா இருந்தா. கைய உள்ள விட்டேன். பிடிச்சுக்கிட்டா. துண்டைக் குடுத்தேன், இழுத்துப் போத்திக்க ஒரு கைதான் வேல செஞ்சுச்சு. ஜோவானுக்குப் போன் போட்றாதீங்க, ஆபீஸ்ல பயந்துருவான்னா. அடுப்புல பாலு இருக்கு, அணைங்கன்னா. போயி அணைச்சுட்டு வந்தேன். கைய மறுபடி குடுத்தேன். அப்புறம் பேச்சு ஒரு மாதிரி ஆச்சு. கொழறுச்சு. அப்பத்தான் கீழ ஓடுனேன்."

ஜோவான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் போட்ட கதவும்மா" என்றார் அவர். "அவ கேட்டான்னு போட்டேன். தப்புன்னு தெரிஞ்சே போட்டேன். அட்டைக் கதவா இருந்திருந்தா ஒரு ஒதையில போயிருக்கும். நல்ல கதவா போட்டேன்."

அழுகை அப்போதுதான் வந்தது அவருக்கு. இந்த ஒரு மாதத்தில் நான் அவர் அழுது பார்க்கவில்லை. ஜோவான் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வனேசா என் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து, என்ன நடக்கிறது என்று தெரியாமல் என் கையைப் பிடித்தாள். மழை நடைபாதை வரைக்கும் அடித்தது. இடியாப்பம் ஆறிப்போனது. எட்டு மணிக்குமேல்தான் நாலு பேரும் சாப்பிட்டோம். அன்று ஜோவான் ஃபெரிக்குப் போகவில்லை.

மறுவாரம் அண்ணன் கழிவறைக்குக் கதவு மாட்டினார். சாதாரண பிவிசி கதவு. நிலையைப் பெயர்த்து வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்தார். மாதா ஜன்னல் பக்கம் போனார். ஜோவான் சனிக்கிழமை தோறும் வரத் தொடங்கினாள். வந்தால் என் வீட்டுக்கும் வருவாள், கோப்பி குடிப்பாள், பேசுவாள். ஆனால் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நொடி தாமதிப்பாள். அந்த ஒரு நொடியை அவளிடம் திரும்பக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஒரு நாள் சாயங்காலம், நான் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன், என் கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. குரல் இல்லை. ஓடிப்போய்த் திறந்தேன். கையில் துளைக்கும் கருவியோடு அண்ணன் நின்றார்.

"ஒன் கதவுக்குக் கண்ணு வைக்கணும்மா. யாரு வந்திருக்கான்னு உள்ள இருந்தே பாத்துக்கலாம். ஒரு கண்ணாடி மிஞ்சிப் போச்சு."

என் உயரத்துக்கு என்னை நிற்க வைத்துப் பென்சிலால் குறி போட்டார். துளை போட்டபோது கதவுக்குள் இருந்த அட்டைத் தூள் அவர் கையில் கொட்டியது. ஊதிவிட்டார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன். தூங்கல."

"தெரியும்மா. ஒன் செருப்பு கெடந்துச்சு. நீ பொரண்டு படுத்த கட்டில் சத்தமும் கேட்டுச்சு."

"அப்புறம் ஏண்ணே சத்தம் போட்டுக் கூப்புடல? கதவை ஒடைச்சாவது எழுப்பியிருக்கலாம்லா."

அவர் கண்ணாடியைத் துளைக்குள் வைத்துத் திருகினார். மெதுவாக, மரை கழன்றுவிடாமல்.

"கூப்புடணும்னுதான் மூணாந்தடவை வரப் பாத்தேன். ரோசிதான் வுடல. ராத்திரி முச்சூடும் நின்னுட்டு வந்திருப்பா, பாவம். இன்னும் கொஞ்சம் தூங்கட்டும், எழுப்பாதீங்கன்னா."

ஒரு சாண் இடுக்குக்கு அந்தப் பக்கம் கிடந்து, ஒரு கைதான் வேலை செய்கிற நேரத்தில், என் தூக்கம் அக்காவுக்கு நினைவு வந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷம் கிரில்லில் பையை மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போன அதே மனசு.

"சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்" என்றார் அண்ணன். "நீ கேட்டே."

வெளியே போய்க் கதவைச் சாத்தினார். "பாரும்மா, தெரியுதா?"

கண்ணாடியில் கண்ணை வைத்தேன். நடைபாதை வளைந்து தெரிந்தது. எதிர்வீட்டு வாசல் தெரிந்தது. நடுவில் அவர் சின்னதாக, தலை நரைத்து, கையைத் தொங்கவிட்டு நின்றார். என் கிரில்லில் ஒன்பது மணிக்கு யாரும் பை மாட்டப்போவதில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

"தெரியுதுண்ணே" என்றேன். குரல் வெளியே போகவில்லை போலிருக்கிறது. அவர் கையைத் தூக்கி மூன்று முறை தட்டினார்.

திறந்தேன்.